இலுப்பைக்கு வந்த கண்டம்

ஜெய்சங்கர் யாரையும் நம்பமாட்டார். இதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. யாரையும் நம்பாமல் இருப்பதற்காகத்தான் ரயில்வே அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது. திருச்சி ஜங்ஷனில் கறுப்புக் கோட்டோடு ஏறினால், உண்மையாகத் தூங்குகிறவன் யார், டிக்கெட் இல்லாததால் தூங்குகிறவன் யார் என்று குறட்டையை வைத்தே பிரித்துவிடுகிற டி.டி.ஆர். அவர். ரிட்டயர் ஆனபோது கோட்டைத்தான் கழற்றினார். கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்களிடம் இன்றைக்கும் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த பிறகுதான் "வாங்க, உக்காருங்க" என்பார்.

பரம்பரைக் குணம் என்கிறார் அவர் மனைவி சித்ராதேவி. பூர்வீகம் லால்குடிப் பக்கம், நெல் விவசாயம். மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்லுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போனால், மாமனார் தராசு முள்ளைப் பார்க்கவே மாட்டாராம். எடை போடுகிற ஆளின் முகத்தைத்தான் பார்ப்பாராம். அப்படிப்பட்ட வம்சத்தில் வந்தவர் ரிட்டயர்மென்ட் பணத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு புரோக்கரிடம் கொடுத்தார் என்பது யோசிக்கவேண்டிய விஷயம். சந்தேகப் பேர்வழிகளை ஏமாற்றுவது சுலபம் என்று புரோக்கர்களுக்குத் தெரியும். சின்னதாக ஒன்றைச் சந்தேகப்பட விட்டுவிட்டால் பெரியதைக் கவனிக்கமாட்டார்கள்.

மனை இருந்த இடம் திருவானைக்காவலைத் தாண்டி, கொள்ளிடக்கரையை ஒட்டி. நகரின் பெயர் 'இலுப்பைத்தோப்பு கார்டன்'. நம் பக்கத்தில் ஒரு நகரின் பெயரைக் கேட்டாலே அங்கே எதை வெட்டினார்கள் என்று தெரிந்துவிடும். மாந்தோப்பு நகரில் மாமரத்தைத் தேடக்கூடாது. தாமரைக்குளம் அவென்யூவில் குளம் கிடையாது. ஐப்பசி மழையில் மட்டும் தண்ணீர் வந்து, ஹாலுக்குள் நுழைந்து, தன் பழைய விலாசத்தை விசாரித்துவிட்டுப் போகும். அந்த வழக்கப்படி இலுப்பைத்தோப்பிலும் இலுப்பைகள் போய்விட்டன. ஒன்றே ஒன்று மிஞ்சியது. மனைக்குள் நிற்காமல் சாலைப் புறம்போக்கில் நின்றதால் அதை விற்க முடியவில்லை. அவ்வளவுதான் அதன் புண்ணியம்.

"மரத்து நிழல் சார், ஃப்ரீ" என்றார் புரோக்கர்.

ஃப்ரீ என்ற சொல்லைக் கேட்டதும் ஜெய்சங்கர் மரத்தைச் சந்தேகப்பட்டார். மனையை வாங்கிவிட்டார்.

வீடு கட்டி வந்த முதல் வருடம் வாசலில் நாற்காலி போட்டு அந்த மரத்தைக் கண்காணித்தார். ஒரு தோப்பு முழுக்கப் பரவிக் கிடந்த கூட்டம் ஒரே மரத்தில் ஏறினால் என்ன ஆகும்? தீபாவளிக்கு முதல்நாள் அன்ரிசர்வ்டு பெட்டி மாதிரி இருந்தது. மேல்கிளையில் கொக்கும் மடையானும். அதற்குக் கீழே கிளிகள். ஒரு பொந்துக்கு இரண்டு புள்ளி ஆந்தைகளும் ஒரு கிளி ஜோடியும் உரிமை கொண்டாடி, நாள் முழுக்கச் சண்டை. அடிமரத்தில் அணிலும் கட்டெறும்பும். பங்குனி, சித்திரையில் பூப் பூத்தால் எங்கிருந்தோ பழந்தின்னி வௌவால்கள் வந்து இறங்கும். யாரிடமும் டிக்கெட் இல்லை. ஜெய்சங்கர் ஒவ்வொன்றையும் முறைத்துப் பார்த்து, முகம் மனப்பாடம் செய்துகொண்டார்.

மரத்தில் ஒரு குக்குறுவானும் இருந்தது. காலையிலிருந்து ஒரே சுருதியில் கூவும். பக்கத்து மனைகளில் வீடுகள் எழும்பின. வீடுகளின் மேல் மாடிகள் எழும்பின. மாடிகளுக்காக போர்வெல் போட்டார்கள். போர் வற்றியதும் அதைவிட ஆழமாக இன்னொன்று போட்டார்கள். ஒரு கோடையில் குக்குறுவான் கூவவில்லை. எந்த ஸ்டேஷனில் இறங்கியது என்று தெரியாதது ஜெய்சங்கருக்கு ஒரு மாதிரி இருந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால், 'இவருக்கு என்ன ஆச்சு' என்று அவள் சந்தேகப்படுவாள்.

எதிர்வீட்டு ரெங்கநாதன் நகர் நலச்சங்கத்தின் செயலாளர். அவர் காரை அந்த மரத்தடியில்தான் நிறுத்தவேண்டியிருந்தது. வீட்டுக்குள் கார் நிறுத்தும் இடத்தில் மகனின் கார் நின்றது. மடையான்கள் தினமும் செயலாளரின் காருக்கு வெள்ளையடித்துக்கொடுத்தன. கடைசிப் புதர்மனையையும் மெஷின் வைத்துச் சுத்தம் செய்த வாரம், அவர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் ஒரு சாரைப்பாம்பு சுருண்டு படுத்திருந்தது. தீயணைப்பு நிலையத்து ஆட்கள் வந்து பிடித்துப்போனார்கள்.

"பாத்தேளா சார், பாம்பெல்லாம் ஊருக்குள்ள வந்துடுத்து" என்றார் ரெங்கநாதன்.

"ஊருதான் சார் பாம்புக்குள்ள வந்திருக்கு. அது செருப்பைக் கழட்டி வெக்கற இடத்துக்குப் போயி மரியாதையாத்தான் படுத்திருக்கு."

"நீங்க அந்த மரத்துக்கு வக்கீல் மாதிரி பேசறேள். ஏதோ இருக்கு."

ஏதோ இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜெய்சங்கர் வீடு கட்டும்போது, முன்பக்க மதில்சுவரை இரண்டடி சாலையில் இழுத்துக் கட்டிவிட்டார். மனையின் எல்லையைக் காட்டுகிற சர்வே கல் இதனால் மதிலுக்கு உள்ளே வந்துவிட்டது. அதன் தலையில் ஒரு செம்பருத்தித் தொட்டியைத் தூக்கி வைத்தார். ஊரெல்லாம் டிக்கெட் கேட்டவர் சாலையில் இரண்டடி தூரம் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்துகொண்டிருந்தார். மதிலுக்கு நேர் வரிசையில்தான் இலுப்பை நின்றது. அது நிற்கும்வரை சாலை அந்த இடத்தில் வளைந்துதான் போகவேண்டும். சாலை வளைந்து போகும்வரை யாரும் நேர்கோடு பிடித்து அளக்கப்போவதில்லை. ஆகவே மரம் இருந்தால் மதில் இருக்கும். இது ஜெய்சங்கரின் கணக்கு. மரத்தின் மேல் அவர் வைத்திருந்த பாசத்துக்கு அஸ்திவாரம் செங்கல்லும் சிமென்ட்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

பிறகு சாலையை அகலப்படுத்தப் போவதாகச் செய்தி வந்தது. வீட்டுக்கு இரண்டு கார், எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போகவேண்டும். யார் பின்னால் போவது என்பதில் சங்கத்தில் கைகலப்பு வரை போயிருந்தது.

கார்த்திகையில் லால்குடிக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு ஜெய்சங்கர் திரும்பி வந்தபோது, இலுப்பையின் இடுப்பில் மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டமும் அதற்குள் 47 என்ற எண்ணும் இருந்தன.

பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற பெட்டிகளை அவர் பார்த்திருக்கிறார். ஆயுள் முடிந்த பெட்டியின் மேல் பெயிண்டில் ஒரு குறி விழும். அதற்குப் பெயர் கண்டம். இங்கிலீஷ்காரன் 'கண்டெம்ன்டு' என்று நீளமாகச் சொன்னதை நம் ரயில்வேக்காரர்கள் சுருக்கிக் கண்டம் ஆக்கிக்கொண்டார்கள். ஜாதகத்தில் கண்டம் என்றால் பரிகாரம் உண்டு. ரயில்வே கண்டத்துக்குப் பரிகாரம் கிடையாது, வெட்டி இரும்பாக விற்றுவிடுவார்கள்.

"என்னங்க, ஒரு பொண்ணு வந்துச்சு. வைஷ்ணவின்னு பேரு, காலேஜ்ல பாட்டனி சொல்லிக்குடுக்குதாம்" என்றார் சித்ராதேவி. "பழைய மரத்துக்கெல்லாம் அவங்க குழு நம்பர் போடுறாங்களாம். நம்பர் இருந்தா ரோடு போடுறவங்க தொடக்கூடாதுன்னு ஆர்டர் வாங்கியிருக்காங்களாம். காப்பாத்தத்தான் போட்டாங்களாம்."

"காப்பாத்தறதுக்கா? கோழியைக் குளிப்பாட்டி மஞ்சள் தடவுறது அதை மணையில உக்காத்தி வெக்கவா? குழம்புக்குத்தான்டி."

"அந்தப் பொண்ணு நல்ல மாதிரியாத்தான் தெரிஞ்சுது. தண்ணி குடுத்தேன், 'தேங்க்ஸ் ஆன்ட்டி'ன்னு சொல்லுச்சு."

"டிக்கெட் இல்லாதவந்தான் முதல்ல குட்மார்னிங் சொல்லுவான்."

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நாற்கரச் சாலைகள் வந்த காலத்தில், நம்பர் போட்ட புளியமரங்களை அவர் ரயில் ஜன்னல் வழியாக எண்ணிப் பார்த்திருக்கிறார். அடுத்த டியூட்டியில் போகும்போது எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. இந்த நாட்டில் மரத்துக்கு எண் போட்டவன் அதற்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக்கொடுக்கப் போட்டதில்லை. நல்லெண்ணத்தோடு ஒருத்தி வந்து எண் போடுவாள் என்று எந்த அனுபவசாலி நம்புவான்?

ஆக, இது ரெங்கநாதனின் வேலை என்று முடிவு கட்டினார்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. தெருவே பரமபத வாசலுக்கு ஸ்ரீரங்கம் போய்விட்டது. பகல் பத்து மணிக்கு, ஈ காக்காய் இல்லாத வீதியில், ஜெய்சங்கர் தேங்காய் வெட்டும் அரிவாளோடு இலுப்பைக்கு முன் நின்றார். பெயிண்ட் பட்டையின் வெடிப்புக்குள் இறங்கியிருந்தது, துடைத்தால் போகாது. மெல்லச் செதுக்கினார். 4 போனது. 7 போனது. வட்டமும் போனது. மரத்திலிருந்து பால் கசிந்து கையில் பிசுபிசுத்தது. பொந்திலிருந்து ஒரு புள்ளி ஆந்தை தலையை நீட்டி, அவரை அவர் பார்க்கிற மாதிரியே முறைத்துப் பார்த்தது.

"உனக்குத்தான்டா" என்று அதனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

பொங்கல் கழிந்து சாலை வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். சூப்பர்வைசர் பெயர் இன்னாசிராஜ். அமைதியான மனிதர், வெற்றிலை போடுகிறவர். தெருமுனையிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முனையில் இருந்த வேப்பமரத்தில் மஞ்சள் வட்டம் இருந்தது. அதை விட்டுவிட்டு நகர்ந்தார். இலுப்பையை ஒரு சுற்றுச் சுற்றினார். மெஷின் ரம்பம் வைத்திருந்த ஆளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

ஜெய்சங்கர் பனியனோடு ஓடிவந்தார். "ஏய், நிறுத்துங்க! எதுக்கு இதை வெட்டுறீங்க?"

"நம்பர் இல்லையே அய்யா. நம்பர் இருக்கற மரத்தைத் தொடக்கூடாது, இல்லாததை எடுத்துடணும். அதான் ஆர்டரு."

மரத்துக்குக் கண்டம் எங்கிருந்து வந்தது என்று ஜெய்சங்கருக்கு அப்போது புரிந்தது.

"நம்பர் இருந்துச்சு."

"எங்க?"

"இருந்துச்சுப்பா. இப்ப இல்ல."

இன்னாசிராஜ் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் அய்யா சொல்றாங்க. நம்பர் இருந்தா காட்டணும். காட்ட முடியலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?"

இந்த வாக்கியத்தை ஜெய்சங்கர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்பது இதுதான் முதல்தடவை. பதிலுக்கு என்ன சொல்வார்கள் என்று யோசித்தார். அழுவார்கள், அல்லது பெரிய மனிதர் யாருக்காவது போன் போடுவார்கள். அவர் சித்ராதேவியைப் பார்த்துக் கத்தினார்: "அந்தப் பொண்ணு நம்பர் வெச்சிருக்கியா?"

வைஷ்ணவி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மரத்தைப் பார்த்தாள். செதுக்கிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"யார் இப்படிப் பண்ணினது?"

"நான்தாம்மா" என்றார் ஜெய்சங்கர். "கண்டம்னு நெனச்சேன்."

"என்ன சார் கதை விடுறீங்க? பட்டையை உரிச்சு ஆசிட் ஊத்தி மரத்தைக் கொல்றவங்களை நாங்க நிறையப் பாத்திருக்கோம். பிடிபட்டா எல்லாரும் 'காப்பாத்தத்தான் பண்ணேன்'னுதான் சொல்வாங்க."

எதிர்வீட்டு கேட்டில் சாய்ந்து நின்ற ரெங்கநாதன் இந்த இடத்தில் உள்ளே புகுந்தார். "நான் அப்பவே சொன்னேன், இவர் ஏதோ பண்றார்னு. அரிவாளும் கையுமா நின்னதை வேலைக்காரி பாத்திருக்கா."

"ஈ காக்கா இல்லைன்னு நெனச்சேனே" என்றார் ஜெய்சங்கர், தன்னையறியாமல். அது அவருக்கு உதவவில்லை.

இன்னாசிராஜ்தான் பொறுமையாக வழி சொன்னார். "பாப்பா, வாய்ல சொன்னா ஆர்டருக்குச் செல்லாது. உங்க குழு மேப்புல மரம் எங்க இருக்குன்னு குறிச்சிருப்பீங்கள்ல?"

"இருக்கு. ஊர் வரைபடத்தை வெச்சு, அதுல இருக்கற சர்வே கல்லுலேர்ந்து எத்தனை அடின்னு கணக்குப் போட்டுத்தான் குறிச்சோம். ஆனா இந்தத் தெருவுல கல்லைத்தான் எவ்வளவு தேடியும் காணோம்."

"அவ்வளவுதானே? கல்லு கெடச்சா டேப்பைப் பிடிச்சுப் பாத்துடலாம். கணக்கு ஒத்துப்போச்சுன்னா இதுதான் நாப்பத்தேழு. நான் மரத்தைத் தொடல, அடுத்த தெருவுக்குப் போறேன். கல்லு இல்லைன்னா, மரம் போயிடும்." பிறகு ஜெய்சங்கர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, நல்ல மனதோடு சொன்னார்: "அய்யா, மரம் போனா ரோட்டுக்கு அந்த அகலமே போதும். உங்க மதிலை நாங்க தொடமாட்டோம். அளக்கவும் மாட்டோம். நீங்க கவலைப்படாதீங்க."

ஜெய்சங்கரின் பழைய கணக்கு இப்போது தலைகீழாக நின்றது. வாயைத் திறக்காமல் இருந்தால் மதில் இருக்கும், மரம் போகும். கல்லைக் காட்டினால் மரம் இருக்கும், மதில் போகும். போவது மதில் மட்டுமில்லை. ஊருக்கெல்லாம் டிக்கெட் கேட்டவரின் திருட்டுப் பயணமும் நடுவீதிக்கு வரும்.

ரம்பம் ஒருமுறை உறுமிப் பார்த்துக்கொண்டது. கொக்குகள் எழும்பி, போக இடம் தெரியாமல், மரத்துக்கு மேலேயே சுற்றின. தோப்பு இருந்த காலத்தில் பக்கத்து மரத்துக்குப் போயிருக்கும்.

அவர் கேட்டைத் திறந்தார்.

"உள்ள வாங்க" என்றார். செம்பருத்தித் தொட்டியைக் கட்டிப்பிடித்து நகர்த்தினார். கீழே கல் இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பாசி பிடித்து, மற்றபடி சௌக்கியமாக இருந்தது.

வைஷ்ணவி கல்லையும் மதிலையும் மாறிமாறிப் பார்த்தாள். இன்னாசிராஜ் டேப்பைப் பிடித்தார். கணக்கு ஒத்துப்போனது. ரம்பக்காரன் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

விஷயம் அதோடு முடியவில்லை. கல் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் அடுத்த வாரமே சர்வேயர் வந்தார். ஒரு கல் கிடைத்தால் அவர்களுக்குத் தெரு முழுவதும் கிடைத்த மாதிரி. ஜெய்சங்கர் மதில் இரண்டடி வெளியே. ரெங்கநாதன் மதில் மூன்றடி. பக்கத்து வீட்டுப் படிக்கட்டு, அதற்கடுத்த வீட்டு ஜெனரேட்டர் அறை என்று பார்க்கப்போனால், தெருவில் ஒழுங்காகத் தன் இடத்தில் நின்றது இலுப்பை ஒன்றுதான்.

தெரு கொதித்தது. திட்டம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றார்கள். சர்வேயரின் சித்தப்பா ரயில்வேயில் இருந்தாராமே என்றார்கள். சங்கத்தின் அவசரக் கூட்டத்தில் அவரைப் பேசவே விடவில்லை. அப்போதுதான் ரெங்கநாதனுக்கு அந்த யோசனை உதித்தது.

"ஒரு நிமிஷம். இது எவ்வளவு பழமையான விருட்சம்! இதுக்கு வேர் எங்கெங்க போறதோ யாருக்குத் தெரியும்? ரோட்டை அகலப்படுத்தினா வேர் அறுந்துபோயிடாதோ? பட்சிகளோட வாசஸ்தலம் சார் இது. தெருவை இப்படியே விட்டுடணும்னு நாம பெட்டிஷன் போடணும்."

ஒரு வாரத்தில் தெரு முழுக்கப் பசுமைவாதிகள் ஆகிவிட்டார்கள். மதிலை இழக்கப்போகிறவனுக்கு வருகிற இயற்கைப் பற்று சாதாரணமானதில்லை. மடையான் எச்சத்தைக் கண்டால் பிளீச்சிங் பவுடர் தேடியவர்கள் மண்சட்டியில் தண்ணீர் வைத்தார்கள். ரெங்கநாதன் பல்லுயிர்ப் பெருக்கம் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு, வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் அதைப் பிரயோகித்தார். பெட்டிஷனைப் பார்த்த அதிகாரிகள், மரத்தைச் சுற்றியுள்ள பகுதியைப் பிறகு பரிசீலிப்பதாகச் சொல்லி வேலையை நிறுத்திவைத்தார்கள். எல்லார் மதிலும் தப்பித்தது.

ஜெய்சங்கர் மதில் தப்பவில்லை. கல்லை மறைத்த மதில் அது ஒன்றுதான் என்பதால், பெட்டிஷன் போவதற்கு முன்பே நோட்டீஸ் வந்துவிட்டது. இடிக்க வந்த ஆட்களுக்கு சித்ராதேவி மோர் கொடுத்தார்.

இப்போது அவர் வீட்டு முன்பக்கம் திறந்து கிடக்கிறது. பங்குனியில் இலுப்பை இலையெல்லாம் உதிர்த்து, பிறகு பூத்தது. விடிந்தால் பூவெல்லாம் அவர் வீட்டு முற்றத்தில். வௌவால் தின்று போட்டதும் அங்கேதான். செதுக்கிய இடத்தில் பட்டை மூடிக்கொண்டு வருகிறது. அவர் ஏன் கேட்டைத் திறந்தார் என்பதில் தெருவில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மரத்துக்காகத்தான் என்கிறாள் வைஷ்ணவி. அவள் சின்னப் பெண், அப்படித்தான் நினைப்பாள். சூப்பர்வைசரின் வாக்குறுதி ஃப்ரீயாக வந்ததால் அவர் அதை நம்பவில்லை, அதனால்தான் திறந்தார் என்கிறார் ரெங்கநாதன். அதிலும் விஷயம் இருக்கிறது.

ஒருநாள் காலை முற்றத்தில் இலுப்பைப்பூவைக் கூட்டிக்கொண்டே சித்ராதேவி கேட்டுவிட்டார்.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு அந்தக் கொக்குங்களைப் பாத்துட்டுத்தானே தொட்டியை நகர்த்துனீங்க?"

ஜெய்சங்கர் பேப்பரை இறக்கி, மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு உன்னைக் கேக்கச் சொன்னது?" என்றார்.